நூலை அறுத்தவனுக்கு ஓட்டா?

இதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிற மகனுக்கு, தபால்தலை ஒட்டாமல் உன் நைனா எழுதுவது. நேரில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் உன் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அந்தச் செருப்புகளுக்கு உரியவர்கள் உள்ளே உட்கார்ந்து, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு விழும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக்கு நேராக இரண்டு என்று போட்டிருந்தது. "வாங்க நைனா, உங்க பையன் ஜெயிச்சாச்சு" என்று ஒருவர் எனக்கே காப்பி நீட்டினார். ஓட்டுப் போட இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஜெயித்து முடித்துவிட்டவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால்தான் காகிதம். நிதானமாகப் படி. அந்தப் பென்சில்காரர்கள் போன பிறகு படி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கூட்டத்தில் நீ பேசியதைத் தறியில் இருந்தபடியே கேட்டேன். கேட்காமல் இருக்க வழியில்லை. ஒலிபெருக்கிக் குழாயை நம் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் பேசினாய். அதில் அரை மணி நேரம், உன்னை எதிர்த்து நிற்கிற கம்பவுண்டர் வேதாசலத்தின் ஜீப்தான் ஓடியது. "தாய்மாருங்களே, அப்ப எனக்கு ஏழு வயசு. விடியக்காலம். நம்ம குப்புசாமி மாமாவோட பாவு நூலு தெருவுல இழுத்துக் கட்டியிருக்குது. காவலுக்குக் கட்டியிருந்த கயித்தையே அறுத்துகினு ஜீப்ப வுட்டான் இந்த ஆளு. இந்தக் கண்ணால பாத்தேன். நூலு அத்தினியும் பட்டு பட்டுனு தெறிக்குது. எறங்கி வந்து இன்னா சொன்னான் தெரியுமா? 'தெருவ அடைச்சிகினு இன்னாய்யா வேலை?'ன்னான். அந்த ஆளு இன்னிக்கி ஓட்டு கேட்டுகினு வர்றான். நூலை அறுத்தவனுக்கு ஓட்டா?" என்று நீ நிறுத்தியதும் கூட்டம் "இல்ல" என்று கத்தியது. அதில் குப்புசாமியின் குரல் தனியாகக் கேட்டது. பதினெட்டு வருடம் ஆகியும் அவன் தொண்டையில் கோபம் கெடாமல் இருக்கிறது. நன்றாகப் பேசினாய். குரலை எங்கே ஏற்றுவது, எங்கே விடுவது என்று தெரிந்திருக்கிறது. குறை என்று சொன்னால் ஒன்றுதான். அது நடக்கவில்லை.

உன் கண்ணால் நீ பார்க்கவில்லை. நீ பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது. ஆனால் அதை ஒரு பொய்யாக நான் எண்ணவில்லை. ஒரு கதையை நூறு தடவை கேட்ட பிள்ளைக்கு அது கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிடும். உனக்கு அதை நூறு தடவை சொன்னது நான். சோறு ஊட்டும்போது சொன்னேன், கோயில் மலைப்படி ஏறும்போது நீ கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த இடத்தில் எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஜீப்பின் வேகம் கொஞ்சம் கூடியது. நீ அரசியலுக்கு வந்ததே அந்தக் கதையால்தான் என்று மேடையில் சொல்கிறாய். ஆகவே இதை நீ சனிக்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உன் கடைசிக் கூட்டம் அன்றைக்குத்தான். வார்டு முழுக்க வரும். வேதாசலத்தின் ஜீப் எந்தக் கயிற்றையும் அறுக்கவில்லை. அறுப்பதற்குக் கயிறு இல்லை. அதை அவிழ்த்துவிட்டவன் நான்.

பவர்லூமில் வளர்ந்த பிள்ளை நீ. பாவு போடுவது என்றால் என்ன என்று உன் மேடையில் உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும், ஆகவே உனக்குச் சொல்கிறேன். நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் பிரஷ் போட்டு உலர்த்த வேண்டும். அது வெளியில் இருக்கிறவரை தெருவாயில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். அதில் சிவப்புத் துணி தொங்கும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்பான். யாருடைய பாவானாலும் காவல் முறைவைத்து வரும், வீட்டுக்கு ஒரு பெரிய ஆள். மார்கழியில் ஒருநாள், வேதாசலம் முதல் தடவை நின்ற ஊர்த் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குப்புசாமியின் பாவுக்கு முறை என்னுடையதாக இருந்தது. பனி கண்ணை மறைத்தது. முதல் வீட்டுக்கு விறகு வண்டி வந்தது. அது பாவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும் என்பதால் கயிற்றை அவிழ்த்து விட்டேன். விறகை இறக்கிவிட்டு வண்டி போனது. கயிறு என் கையில் இருந்தது. கட்டுவதற்குள் எதிரில் படிப்பகத்தில் அன்றைய பேப்பர் வந்துவிட்டது.

அந்தப் படிப்பகம் எந்தக் கட்சியுடையது என்று உனக்குத் தெரியும். இப்போது நீ அதன் செயலாளர். அன்றைய பேப்பரில் வேதாசலத்தின் கட்சியை ஒருவர் கிழி கிழி என்று கிழித்திருந்தார். எழுதியவர் கெட்டிக்காரர். நான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தேன். சிரித்தேன். இரண்டாவது பத்தியில் இருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டிச் சத்தம் போனது. வேதாசலத்தைத் திட்டியிருந்ததை ரசித்துக்கொண்டிருந்ததால், வேதாசலமே என்னைக் கடந்து போனதை நான் பார்க்கவில்லை. பிறகு குப்புசாமி பெண்சாதியின் அலறல் கேட்டது. ஓடினேன். ஆனால் நான் முதலில் ஓடியது பாவுக்கு இல்லை. தெருவாய்க்கு ஓடி, கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் சுற்றி, மீதியை டயர் பதிந்த தடத்தின்மேல் போட்டேன். சிவப்புத் துணியைக் காலால் மண்ணில் தேய்த்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது, கால் செய்தது. இத்தனை வேகமாக என் கையும் காலும் வேறு எந்த வேலையையும் செய்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கட்சி ஜீப்பின் முன்பக்கம் முழுக்க நூல் சுற்றியிருந்தது. வேதாசலம் இறங்கி நின்றார். அவர் இனிமையானவர் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஊசி போடும்போதே நோயாளியைத் திட்டுகிற ஆள். "கயிறு கட்டக் கூடாதா? தெருவ அடைச்சிகினு இன்னாய்யா வேலை?" என்றார். குப்புசாமி பெண்சாதி விடவில்லை. "கண்ணு அவிஞ்சி போச்சா உனுக்கு? எட்டு நாளு வேலடா பாவி. ஊசி குத்தற கையின்னு நெனச்சோம், ஊர குத்தற கையா இருக்குதே!" என்றாள். டிரைவர் "கயிறே இல்லம்மா, சாமி சத்தியமா இல்ல" என்று கும்பிட்டான். அதற்குள் யாரோ தெருவாயிலிருந்து கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். குப்புசாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். "கயிறு கட்டியிருந்ததாய்யா?" என்றான். நான் "ஆங்" என்றேன். கயிற்றின் முனை அறுந்திருக்கிறதா, அவிழ்ந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இந்த ஊரில் என் அளவுக்குப் படித்தவன் இல்லை என்று பெயர், என் அளவுக்குப் பேசியவனும் இல்லை. இருந்தும் என் பேச்சில் ஊரை மாற்றியது அந்த ஒரு சொல்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று மத்தியானம் படிப்பகத்துக்காரர்கள் வந்தார்கள். "நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஒரு நோட்டீஸ் போட்டுக் குடுங்க" என்றார்கள். எழுதினேன். "நூலை அறுத்தவனுக்கு ஓட்டா?" என்பது நான் வைத்த தலைப்பு. நான் எழுதி அச்சில் வந்தது வாழ்நாளில் அது ஒன்றுதான். பதினெட்டு வருடம் கழித்தும் மேடையில் கைதட்டல் வாங்குகிறது என்றால், எழுத்தாளனாக நான் பெருமைப்பட வேண்டும். வேதாசலம் சொன்னதில் இரண்டு வாக்கியம் இருந்தது. கயிறு கட்டக் கூடாதா என்பது முதல் வாக்கியம். நோட்டீஸில் இடம் போதாது என்று அதை விட்டுவிட்டேன். இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு பூப்படம் போட்டிருந்தார்கள்.

அந்தத் தேர்தலில் நம் தெரு ஓர் ஆளைப் போல ஓட்டுப் போட்டது. யாருக்குப் போட்டோம் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பதில் வராது. "அவனுக்குக் கூடாது" என்பதில் எல்லாரும் தெளிவாக இருந்தோம். வேதாசலம் நாற்பது சொச்சம் ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மாலையோடு நம் தெருவுக்குள் வந்தபோது குப்புசாமி என் காதில் "இவருதானா அது?" என்றான். அதுவரை முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நம் ஊரில் அன்றைக்கும் இரண்டு கட்சி, இன்றைக்கும் இரண்டு கட்சி. ஒன்றின் பெயர் "அவனுங்க". மற்றதன் பெயரும் "அவனுங்க"தான், எந்தப் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம். எல்லை மாறி இந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்த காலத்திலேயே எங்களுக்கு இந்தப் பழக்கம் பிடித்துவிட்டது. வீட்டுக்குள் பாதித் தெலுங்கு பேசிக்கொண்டே தெருவில் தெலுங்குக்கு எதிராகக் கோஷம் போட்டோம். உன் அம்மா அப்போதே கேட்டாள், "தெலுங்கு வேணாம்னு கத்தறீங்களே, பொறக்கப்போற புள்ள உங்கள நைனான்னு கூப்புடறதா, அப்பான்னு கூப்புடறதா?" என்று. எதிர்த்துக் கத்துகிறபோது என்ன வேண்டும் என்று யோசிக்கிற சிரமம் இல்லை. அந்தச் சுகம் இருக்கிறதே, அது சொல்லி முடியாது.

தோற்றவர் என்ன கேட்டு நின்றார் என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நம் தெருவுக்கும் அவர் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடை. மழை இல்லாத நாளில் இறங்கி ஏறினால் ஐந்து நிமிடம். மழை பெய்தால் ரயில்வே கேட் சுற்றித்தான் போக வேண்டும். அந்த ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் வேண்டும் என்று வேதாசலம் வரைபடம் போட்டு வாங்கி வைத்திருந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பிரித்துக் காட்டினார். நம் வீட்டிலும் காட்டினார். நான் அதில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சொன்னேன். ஜெயித்தவர் ஓடைக்கரையில் பாலம் கட்டவில்லை, கொடிக்கம்பம் நட்டார். அதன் பீடம் மிகவும் உறுதியானது, இன்னும் அசையவில்லை. நான் ஒருநாள் போய் அவரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். "பாலமா? அது அந்தாளு கேட்டதாச்சே. நான் கட்டினா அவன் சொன்னது சரின்னு ஆயிடாதா? நோட்டீஸு எழுதினவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் பேச்சில் குற்றமில்லை. அவர் வர வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் வரக் கூடாது என்றோம். வரவில்லை. ஆகவே அவருடைய வேலை ஓட்டு எண்ணிய அன்றே முடிந்துவிட்டது.

அடுத்த ஐப்பசியில் உன் அம்மாவுக்கு வலி எடுத்தது உனக்கு நினைவிருக்கும். மத்தியானம், விடாத மழை. உன்னைக் குப்புசாமி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். ரயில்வே கேட் வழியில் வண்டி போகாது என்றார்கள். நாடாக் கட்டிலில் அவளைப் படுக்கவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினோம். இடுப்புக்கு மேல் தண்ணீர் இழுத்தது. நடு ஓடையில் முன்னால் போனவன் கால் தவறி நின்றுவிட்டான். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கரையிலிருந்து ஓர் ஆள் வேட்டியோடு இறங்கி வந்து கட்டிலின் முன்காலைப் பிடித்து இழுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த வேதாசலம். கரை ஏறியதும் அங்கேயே பிறந்தது. பெண். அழவில்லை. வேதாசலம் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார், வாயை உறிஞ்சித் துப்பினார், கடைசிவரைக்கும் என்னென்னவோ செய்தார். பிறகு தன் மேல்துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். பாலம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

பாலம் இருந்திருந்தால் உன் தங்கை பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டு அழுவதற்கும் எனக்கு உரிமை இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த ஓடையில் நின்றபோது, நான் கடைசியாகப் போட்ட ஓட்டு எதற்குப் போட்டேன் என்று யோசித்தேன். ஒன்றுக்கும் இல்லை. அதற்குப் பிறகும் நான் திருந்தியதாக நினைக்காதே. ஒரு தேர்தலில், காவடி நாளில் காரில் மலை ஏறினான் என்று ஒருவனை எதிர்த்துப் போட்டேன். இன்னொன்றில், மில் துணி உடுத்திக்கொண்டு நெசவாளர் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தான் என்று ஒருவனை எதிர்த்தேன். ஒருமுறை இருவரையும் பிடிக்காமல், கூடுதலாகப் பிடிக்காதவன் யார் என்று வரிசையில் நின்று அரை மணி யோசித்து, முன்னால் நின்றவரைக் கேட்டுப் போட்டேன். நான் எதிர்த்துப் போட்டவர்களில் பாதிப்பேர் தோற்றார்கள். ஆகையால் என் ஓட்டு வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஓடைக்குப் பாலம் பிற்பாடு வந்தது. ஊர்த் தேர்தலே நடத்தாமல் வைத்திருந்த வருடங்களில், யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டாத ஓர் அதிகாரி வந்து மூன்று மாதத்தில் கட்டிவிட்டு மாற்றலாகிப் போனார். அவர் பெயர்கூட இங்கே யாருக்கும் நினைவில்லை. இரண்டு கட்சியும் அந்தப் பாலத்தில் தங்கள் சின்னத்தை வரைந்திருக்கின்றன.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். உன் நோட்டீஸை நான்கு தடவை படித்தேன். நான்கு பத்தி. நான்கும் வேதாசலம். நீ என்ன செய்யப் போகிறாய் என்று தேடினேன், அச்சகத்தின் விலாசம்தான் கிடைத்தது. சரி, அவருடையதைப் பார்ப்போம் என்று அதையும் வாங்கிப் படித்தேன். நேற்று முளைத்தவன், தேர்தல் முடிந்தால் கண்ணில் படமாட்டான், அப்பன் நோட்டீஸ் எழுதினான் மகன் ஒட்டுகிறான் என்று அதிலும் நான்கு பத்தி. பாலம் கேட்டு நின்ற மனிதர் இவர். மடித்த காகிதத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டியவர். இப்போது சட்டைப்பையில் ஒன்றுமில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததைத் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தறியில் இருந்தாள். "அன்னிக்கி கயிறு கட்டல" என்றேன். "எந்தக் கயிறு?" என்றாள். முழுதும் சொன்னேன். தறி நின்றது. நான் நோட்டீஸ்வரைக்கும் சொல்லி முடித்த பிறகும் அவள் திரும்பவில்லை. "பாப்பா போனப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அந்தாளு ஆஸ்பத்திரில என்னப் பாக்க வந்தாரு. மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினேன் நான். நூல அறுத்தவன்னு திருப்பிகினேன்" என்றாள். தறியை மறுபடி ஓட்டிக்கொண்டே, "பையன்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வந்து அப்புறம் என்கிட்ட பேசு" என்றாள். இன்றைக்கு வியாழன். சாப்பாடு தட்டில் வருகிறது. பேச்சு வரவில்லை.

உன்னிடம் சொல்லும் முன் வேதாசலத்திடம் சொல்வதுதான் முறை என்று செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அறுபது தாண்டிவிட்டது, வாய் மட்டும் தளரவில்லை. "இன்னாய்யா, பையன் அனுப்பிச்சானா? இன்னும் எதனா அறுக்கணுமா?" என்றார். நின்றபடியே சொன்னேன். "கயிறு இல்லன்னு அன்னிக்கே தெரியும். டிரைவரு தலையில அடிச்சிகினான். ஆனா காவல் நின்னது யாருன்னு எனக்குத் தெரியாது. நீயா?" என்றார். "ஆங்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"எழுதிக் குடு. இப்ப சொன்னத அப்படியே எழுதி, கீழ கையெழுத்துப் போடு. நாளைக்கி அச்சடிச்சி வீட்டுக்கு வீடு குடுத்துடறேன். பெத்த அப்பனே எழுதிக் குடுத்தான்னா உன் பையன் தெருவுல நடக்க முடியாது" என்றார். நான், "பழைய மாதிரி ஒரு வேலயச் சொல்லி ஓட்டுக் கேளுங்க கம்பவுண்டரே. நான் போடறேன். சத்தியமா போடறேன்" என்றேன். அவர் சிரித்தார். "உன் ஓட்டு ஒண்ணு. இந்தக் கதைக்கு முந்நூறு ஓட்டுய்யா. பாலம்னு கேட்டப்ப எவன் போட்டான்? நீ போட்டியா?" என்றார். பேனா திறந்தே இருந்தது. அவருக்கு நான் செய்த அநியாயத்துக்கு அந்தக் காகிதம் அவருக்குச் சேர வேண்டியதுதான் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் அதை எழுதினால் என் இரண்டாவது நோட்டீஸும் ஒருவனைத் தோற்கடிப்பதற்காகவே எழுதியதாக ஆகும். இந்தத் தடவை தோற்பவன் என் பிள்ளை, ஜெயிப்பவரிடம் பாலமும் கிடையாது. எழுதாமல் வந்துவிட்டேன். வாசல்வரை வந்து, "எழுதலன்னா நானே மைக்ல சொல்றேன்" என்றார். சொல்லலாம். நான் கையெழுத்துப் போடாதவரை யாரும் நம்பமாட்டார்கள். என் நோட்டீஸ் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.

ஆகவே அவருக்கு எழுதாததை உனக்கு எழுதுகிறேன். கீழே கையெழுத்தும் போடுகிறேன். நகல் எடுக்கவில்லை. இதை நீ கிழித்துப் போட்டால் எழுத்தில் எங்கேயும் இருக்காது. உன் பென்சில்காரர்களிடம் காட்டினால் அதைத்தான் செய்யச் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் அது சரியாகத்தான் இருக்கும். நீ தோற்க வேண்டும் என்று நான் விரும்புவதாக எண்ணாதே. என் மகன் மாலையோடு இந்தத் தெருவில் வருவதைப் பார்க்க எனக்கு ஆசை இருக்கிறது, சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் அப்படி வருகிறபோது குப்புசாமி யாருடைய காதிலாவது "இவன் எதுக்கு வந்தான்?" என்று கேட்டால், பதில் சொல்ல உனக்கு ஒன்று வேண்டும். வேதாசலம் வரக் கூடாது என்பதற்காக வந்தேன் என்றால், வந்த அன்றே உன் வேலையும் முடிந்துவிடும். நீ நல்ல பிள்ளை. ஐந்து வருடம் வேலை இல்லாமல் பதவியில் உட்கார்ந்திருந்தால் நல்ல பிள்ளைகளும் கொடிக்கம்பம் நடுவார்கள்.

இதை உன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு நேராகக் குப்புசாமி வீட்டுக்குப் போகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். அவனிடம் சொல்கிற தைரியம் இன்னும் வரவில்லை. ஓட்டுப் போடுவது திங்கட்கிழமை. அதற்குள் சொல்வேன், சொல்லாமல் முடியாது. எப்படி என்பது பாதி என் கையில் இருக்கிறது, பாதி உன் கையில். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு வருகிறேன். குப்புசாமி என் பக்கத்தில்தான் உட்காருவான், எப்போதும் அப்படித்தான். உன் அம்மாவும் வருகிறாள், என்னோடு இல்லை, பெண்கள் பக்கம் தனியாக. நீ ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை தொடங்கினாலும் நான் எழுந்து நிற்பேன். எழுந்து நிற்க எனக்குக் காகிதம் தேவையில்லை. மைக்கும் தேவையில்லை, இத்தனை வருடம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிய தொண்டை. நான் பேசி முடித்தால் நீ தோற்பாய். வேதாசலம் ஜெயிப்பார். நம் தெரு என்னோடும் உன்னோடும் பேசாது. அதையெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தொடங்காவிட்டால், கடைசிவரை உட்கார்ந்து கேட்பேன். முக்கால் மணி நேரத்தை எப்படி நிரப்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையைச் சொல். தெருக்குழாயில் விடிகாலை தண்ணீர் வருவதில்லை என்பதைச் சொல். எதையாவது ஒன்றைச் சொல், இடத்தைச் சொல், எப்போது என்று சொல். கைதட்டல் குறைவாக விழும், அதற்குத் தயாராக இரு. நீ அப்படி ஒன்றைச் சொன்னால் அன்று கூட்டம் கலைந்ததும், நடந்ததைக் குப்புசாமிக்கு நான் தனியாகச் சொல்வேன். அவன் என்னை என்ன செய்தாலும் அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். அவன் யாருக்கு ஓட்டுப் போடுவான் என்று எனக்குத் தெரியாது. என் ஓட்டு உனக்கு. ஐம்பது வயதில் ஒருவனுக்காக நான் போடுகிற முதல் ஓட்டு.

முன்வரிசையில் இடது ஓரம் உட்காருகிறேன். மைக்கைக் கையில் வாங்கியதும், தாய்மார்களைக் கும்பிடுவதற்கு முன்னால் ஒருதரம் என்னைப் பார்.

உன் நைனா